சேர் கான்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகு பிள்ளைகளை வகுப்பில் இருத்தி வைப்பது லேசான காரியமல்ல. ஒரு மத்தியானம், செங்கலடியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில், ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, புரொஜெக்டரில் ‘ஜங்கிள் புக்’ படத்தைப் போட்டேன். டிஸ்னி நிறுவனம் 2016இல் வெளியிட்டதன் தமிழ்க்குரல் பிரதி. 1967இல் வந்த கார்ட்டூனைப் போலல்ல, இது நிஜ ஆளை வைத்து எடுத்தது என்று ஒரு முன்னுரையும் சொன்னேன்.

ஆள் நிஜந்தான். மௌக்லியாக வரும் நீல் சேதி என்ற பையன். மற்ற எல்லாம், காடும் கரடியும் ஓநாயும் கணினியின் வேலை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படமாக்கியதாகக் கடைசியில் எழுத்து ஓடுகிறது. அதற்கு ஒஸ்காரும் கொடுத்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் ஒஸ்கார் நடுவர்களல்ல. ஆனைக்கூட்டம் வந்தது. இந்தக் காட்டைப் படைத்தவர்களே இவர்கள்தான் என்று கருஞ்சிறுத்தை பகீரா மௌக்லியைத் தலைகுனிய வைத்தது. கரடியனாற்றிலிருந்து வந்து சித்தி வீட்டில் நின்று படிக்கும் பிள்ளையொன்று எழும்பியது.

“கும்பிட்டா ஆனை போகுமா சேர்? வெடியெல்லோ போடணும்! எங்கட அம்மம்மா கும்பிட்டவ. அது ஆறுதலா நெல்லு மூட்டையத் திண்டுபோட்டுத்தான் போச்சு.”

பாட்டுப் பாடும் பலூ கரடிக்கும் அதே கதிதான். ஊரின் பெயரிலேயே கரடியை வைத்திருப்பவர்களிடம் கரடியைச் செல்லப்பிராணியாகக் காட்டினால் எடுபடுமா?

நூலைப் படித்த எனக்கு வேறு முறைப்பாடுகள். ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் எழுதிய நூலில் குரங்குகளுக்கு அரசனே கிடையாது. கார்ட்டூன்காரர் இந்தியக் காட்டுக்குள் ஒரு ஒராங்குட்டானைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள். பிழை பிடிபட்டதோ என்னவோ, 2016இல் அதை அழிந்துபோன ராட்சதக் குரங்கினமாக மாற்றிவிட்டார்கள். நூலில் குரங்குகளிடமிருந்து மௌக்லியை மீட்கப் போகும் மலைப்பாம்பு கா, படத்தில் அவனையே விழுங்கப் பார்க்கிறது.

பிறகு புலி பாய்ந்தது. முப்பது பிள்ளைகளும் “புலி! புலி!” என்று கத்தினார்கள். என் கை தானாக ஜன்னல் பக்கம் போனது.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி வளர்ந்தவர்கள் குறைவு. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் ஓரிரவில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு அயல் தமிழ் ஊர்களிலும் உயிர்கள் போயின. எனக்கு அப்போது பத்து வயது. அதற்குமுன் வாப்பாவின் சைக்கிளில் செங்கலடிக்கு வருவேன். பிறகு வருவதற்குப் பல வருடம் சென்றது. ஏறாவூரில் அந்தச் சொல்லை ஒரு விதமாக மெல்லச் சொன்னோம். செங்கலடியில் வேறு விதமாக மெல்லச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள்!

புலியின் பெயர் ஷேர் கான். செங்கலடி வாயில் அது ‘சேர் கான்’.

“அந்தப் புலியும் படிப்பிக்கிற சேரா?” என்றான் ஒருவன்.

“கான் எண்டா உங்கட ஆக்கள்ட பேரெல்லோ சேர்?” இது பின்வாங்கு.

சிரிப்பு சட்டென்று நின்றது. ஷேர் என்றால் வட இந்திய மொழிகளில் புலி, கான் என்பது தலைவனுக்குரிய பட்டம் என்று விளக்கினேன். விளக்கம் சரி. கேள்வி அதுவல்ல.

விடவும் மனமில்லை. “அப்படியெண்டா மௌக்லியும் எங்கட ஆள்தான்” என்றேன். 1942இல் ஸோல்டான் கோர்டா எடுத்த படத்தில் மௌக்லியாக நடித்த சாபு, மைசூர்ப் பக்கத்துக் கரப்பூரில் பிறந்த முஸ்லிம் யானைப்பாகனின் மகன். யுத்த காலம் என்பதால் அதையும் கலிபோர்னியாவில்தான் எடுத்தார்கள். ஆனால் புலி நிஜப்புலி. மலைப்பாம்புதான் பொம்மை.

அந்தப் பழைய படத்தில் ஒரு ஊர் இருக்கிறது. புதியதில் ஊரென்றால் தூரத்தில் தெரியும் நெருப்பு வெளிச்சம், அவ்வளவுதான். மௌக்லி போய்க் கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான். முடிவில் சிறுத்தையோடும் கரடியோடும் மரக்கொப்பில் சுகமாகச் சாய்ந்திருக்கிறான். கிப்ளிங்கின் மௌக்லிக்கு அந்தச் சுகம் இல்லை. மனிதக்குட்டி என்று ஓநாய்கள் விரட்டுகின்றன. ஊருக்குப் போனால், சூனியக்காரன், ஓநாய் வளர்த்தவன் என்று ஊரார் கல்லால் எறிகிறார்கள். அவ்வளவு கோடி செலவழித்தவர்கள் அந்தக் கல்லெறியை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் பெரிய கோபம்.

படம் முடிந்ததும் அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கரடியனாற்றுப் பிள்ளை கேட்டது:

“ரெண்டு பக்கமும் விரட்டினா அவன் எங்க சேர் போற?”

தனியாக வேட்டையாடப் போனான், நாலு ஓநாய்க்குட்டிகள் மட்டும் கூடப் போயின என்றேன். “நாலு பேர் காணும்” என்றது பிள்ளை.

அஸருக்கு முன் வீடு போய்ச்சேர மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “சேர் கான் போறார்டோய்!”

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சிரிப்பது தெரிந்திருக்கும். அடுத்த நாள் ஓய்வறையில் ஒரு ஆசிரியை, “தேத்தண்ணி குடிக்கிறீங்களா, சேர் கான் சேர்?” என்றார்.