தவறணைச் சாப்பாடு

எங்கள் நாட்டுத் தமிழில் 'தவறணை' என்றால் கள்ளும் சாராயமும் விற்கும் இடம். பள்ளிக்குத் தொழப் போகிறவர்கள் அந்த ஒழுங்கையையே தவிர்த்துச் சுற்றி நடப்பார்கள். கிரேக்கர்கள் சொல்லும் 'தவேர்ணா'வும் அதே லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல்தான். ஆனால் கடல் கடந்த சொற்கள் போன இடமெல்லாம் ஒரே தொழிலைச் செய்வதில்லை. கிரேக்கத் தீவொன்றின் கிராமத்துத் தவேர்ணாவில் வைனும் உண்டு, ஊசோ என்ற மதுவும் உண்டு. என்றாலும் பிள்ளைகளையும் கிழவிகளையும் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் அங்கு வந்து உட்காருவது சாப்பாட்டுக்காக. வீட்டு அடுப்படியைக் கொஞ்சம் பெரிதாக்கி, வாசலில் நாலு மேசை போட்டால் அதுதான் தவேர்ணா.

2018 ஓகஸ்ட் முதல் வாரத்தில் லெஸ்வொஸ் தீவில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். ஏஜியன் கடலில், துருக்கிக் கரையை ஒட்டினாற்போல் கிடக்கும் தீவு; கிரேக்கத் தீவுகளில் மூன்றாவது பெரியது. அதன் வடகரையில் ஸ்காலா ஸிகமினியாஸ் என்றொரு சின்ன மீன்பிடித்துறை. ஸ்ட்ராதிஸ் மிரிவிலிஸ் 1949இல் வெளியிட்ட, கடற்கன்னி மாதாவின் பெயர் தாங்கிய நாவலின் களம் அதுதான். ஆங்கிலத்தில் வாசித்த நாளிலிருந்து அந்தத் துறையைக் காணும் ஆசை இருந்தது. நாவலில் வரும் சிறிய தேவாலயம் இன்றும் பாறையின் மேல் நிற்கிறது. எதிரே, ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால், துருக்கியின் மலைகள். கரையிலிருந்து சற்று மேலே ஏறினால் கிடைக்கும் ஒரு தவேர்ணாவில்தான் நான்கு நாளும் என் மதியச் சாப்பாடு.

அச்சடித்த பட்டியலைப் பார்த்துச் சாப்பாடு சொல்வது வெளியாட்களின் வழக்கம். ஊராட்கள் நேரே குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறார்கள். சமைப்பவர் எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை 'யாயா' என்றார்கள். எங்கள் மூத்தும்மாவுக்கு அவர்களுடைய சொல். கூடமாட உதவிய பேத்திக்கு ஆங்கிலம் வரும். நான் முஸ்லிம், பன்றியும் மதுவும் ஆகாது என்று பேத்தியிடம் சொன்னேன். யாயா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஒவ்வொரு சட்டியாக மூடியைத் தட்டிக் காட்டினார்.

"இதிலே பன்றி. இதிலே ஒக்டோபஸ், வைன் ஊற்றியிருக்கிறேன். இந்த இரண்டையும் விடு. மற்ற ஆறும் உனக்கு, மகனே."

பிறகு அந்த இரண்டு சட்டிகளின் கரண்டிகளையும் எடுத்துப் புறம்பாக ஒரு தட்டில் வைத்தார். நான் கேட்காத காரியம் அது.

அந்த ஆறும் 'லாதேரா'. லாதி என்றால் எண்ணெய். ஒலிவ் எண்ணெயில் வேகவைத்த மரக்கறிகளுக்குப் பொதுப்பெயர் அது. போஞ்சியை நுனி கிள்ளி, வெங்காயமும் துருவிய தக்காளியும் சேர்த்து, எண்ணெயைக் கஞ்சத்தனமில்லாமல் ஊற்றி, தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு, மூடிச் சிறுதீயில் ஒரு மணித்தியாலம் வரை விடுகிறார்கள். மரக்கறி நறுக்கென்று இருக்கவேண்டும் என்ற இன்றைய நாகரிகம் அந்தக் குசினியில் செல்லாது. தண்ணீர் வற்றி எண்ணெயும் தக்காளியும் மட்டும் மிஞ்சும்போது இறக்குகிறார்கள். உடனே பரிமாறுவதில்லை. காலையில் சமைத்தது மதியம் வெதுவெதுப்பாக மேசைக்கு வரும். ஆறும்போதுதான் எண்ணெய் உள்ளே இறங்குகிறது என்றார் யாயா. மிளகாய்த்தூள் கிடையாது. உப்பு, மிளகு, ஏதாவது ஒரு பச்சிலை, அவ்வளவுதான். முதல் நாள் என் நாக்கு உறைப்பைத் தேடியது. இரண்டாம் நாள், போஞ்சிக்கென்று இப்படியொரு ருசி இருந்திருக்கிறதே என்று பட்டது. பீங்கானின் அடியில் நிற்கும் எண்ணெயைப் பாணால் துடைத்துச் சாப்பிடாமல் எழும்பினால் யாயாவுக்குக் குறை.

இத்தனை மரக்கறிச் சட்டிகள் ஏன் என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று வறுமை, இறைச்சி பெருநாளுக்குத்தான். மற்றது நோன்பு. ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு நாட்களைக் கூட்டிப் பார்த்தால் வருடத்தில் பாதியை எட்டும். ஈஸ்டருக்கு முந்திய பெருநோன்பு, நத்தாருக்கு முந்திய நாற்பது நாள், பெரும்பாலான புதனும் வெள்ளியும், ஓகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முந்திய இரண்டு வாரம். எங்களைப்போல் பகல் முழுவதும் வாய் கட்டுவதல்ல; இறைச்சி, முட்டை, பால், மீன் ஆகியவற்றை விலக்குவது. கண்டிப்பான நாட்களில் எண்ணெயும் விலக்கு. இரத்தமில்லாதவை என்பதால் ஒக்டோபஸும் கணவாயும் விலக்கில்லை.

நான் போயிருந்தது அந்த ஓகஸ்ட் நோன்புக்குள். ஊரில் எல்லோரும் நோற்கிறார்கள் என்றில்லை, யாயா நோற்றார். எண்ணெயை விடுகிற அளவுக்குத் தன்னால் முடியாது என்று சிரித்தார். அவருடைய நோன்பு எனக்குத் தயக்கமின்றிச் சாப்பிடக்கூடிய ஒரு மேசையாக விரிந்தது. ஒரு மார்க்கத்தின் கட்டுப்பாடு இன்னொரு மார்க்கத்தவனுக்குச் சாப்பாடு போட்டது.

ருசியைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை பெயர்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சுகினி, தக்காளி எல்லாவற்றையும் தட்டில் பரப்பி எண்ணெய் ஊற்றி அவணில் வாட்டி எடுப்பதற்குப் பெயர் 'பிரியாம்'. பாரசீகத்தின் 'பிரியான்' துருக்கி வழியாக அங்கே போய் இப்படி ஆகியிருக்கிறது. எங்கள் புரியாணியின் கூடப்பிறந்த சொல். இறைச்சியும் இல்லை, அரிசியும் இல்லை, பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. 'கெஃப்தேதெஸ்' எங்களுக்குத் தெரிந்த கோஃப்தா. 'தொல்மாதெஸ்' என்பது திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டுவது. துருக்கியில் 'தொல்மா', நிரப்பியது. இறைச்சி வைக்காமல் சுருட்டினால் 'யலாஞ்சி'. துருக்கியில் அதற்குப் பொய்க்காரன் என்று அர்த்தம். வெங்காயத்தை ஏடேடாகக் கழற்றி நிரப்பும் 'சுகானியா' அந்தத் தீவின் பெருமை. துருக்கியில் வெங்காயம் 'சோவான்'.

எல்லாவற்றுக்கும் மேலே 'இமாம் பைல்தி'. கத்தரிக்காயைக் கீறி, வெங்காயமும் தக்காளியும் அடைத்து, எண்ணெயில் மூழ்கவைத்தது. இமாம் மயங்கி விழுந்தார் என்பது பொருள். ருசியில் மயங்கினார் என்பார் சிலர். செலவான எண்ணெயின் கணக்கைக் கேட்டு மயங்கினார் என்பார் வேறு சிலர். இதைச் சொல்லும்போது பேத்தி என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு இது மரியாதைக் குறைவு இல்லையே?" என்றாள். கந்தூரிச் சாப்பாட்டையும் லெப்பைமாரையும் வைத்து எங்கள் ஊர்களில் சொல்லும் கதைகள் இதைவிடக் காரமானவை என்றேன்.

லெஸ்வொஸ் 1462 முதல் 1912 வரை உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது. ஒரே தோப்புகளின் எண்ணெயில்தான் இரு சமூகமும் சமைத்தன. கிரேக்கத்தின் 'லாதேரா'வைத் துருக்கியில் 'ஸெய்த்தின்யாலி' என்கிறார்கள். அதற்குள்ளே இருப்பது எங்களுக்குத் தெரிந்த ஸைத்தூன். 1923 ஜனவரி 30இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மக்களை மாற்றிக்கொள்வது, அதுவும் மார்க்கத்தை அளவுகோலாக வைத்து. 1922இன் போரில் முன்னமே ஓடிவந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தார்கள். ஏறக்குறைய 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். கிரீற் தீவு முஸ்லிம்களின் தாய்மொழி கிரேக்கம். அனதோலியக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் துருக்கி மொழியே பேசினார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. 1990 ஒக்டோபரைக் கண்ட எங்களுக்கு இது விளக்கிச் சொல்லவேண்டிய கதையல்ல.

யாயாவின் தாய் பத்து வயதில், 1922இல், எதிர்க்கரையின் அய்வாலிக்கிலிருந்து தோணியில் வந்தவர். மிரிவிலிஸின் நாவலிலும் அப்படி வந்தவர்கள்தான் துறையில் குடியேறுகிறார்கள். தாய் சாகும்வரை வெங்காயத்தைச் 'சோவான்' என்றுதான் சொன்னாராம். கோப்பிக்கும் ஒரு கதை இருக்கிறது. கிரேக்கர்கள் நெடுங்காலம் 'துருக்கிக் கோப்பி' என்று கேட்டே குடித்தார்கள். 1974இல் சைப்பிரஸில் போர் வந்த பிறகு அது 'கிரேக்கக் கோப்பி' ஆனது. கோப்பியில் எதுவும் மாறவில்லை.

2015இல் அதே கடலில் மறுபடி தோணிகள் வந்தன. ஸிரியர், ஆப்கானியர், ஈராக்கியர் என்று அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் லெஸ்வொஸில் இறங்கினார்கள். பெருந்தொகையினர் இந்த வடகரையில். வாங்கொன்றில் மூன்று மூதாட்டிகள் அமர்ந்து ஒரு ஸிரியக் குழந்தைக்குப் போத்தல் பால் கொடுக்கும் படம் அப்போது உலகமெல்லாம் போனது. அது எடுக்கப்பட்டது இந்தத் துறையில்தான். அந்த நாட்களில் யாயாவும் பெரிய சட்டியில் கடலை சூப் வைத்தாராம். "இறைச்சி போடவில்லை. வருகிறவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இதை இனிப்பாகவே சொல்லி முடிக்க முடியாது. அடுத்த வருடம் உல்லாசப் பயணிகள் வருவது விழுந்துபோனது. "எல்லோரும் கிழவிகளின் படத்தைப் பார்த்தார்கள். எங்கள் வெறும் கதிரைகளை யாரும் பார்க்கவில்லை" என்று பேத்தி கசப்போடு சொன்னாள். இரக்கம் களைத்துப்போன முகங்களையும் அந்த ஊரில் கண்டேன். நெரிசலில் திணறிய மோரியா முகாம் 2020 செப்டெம்பரில் எரிந்து சாம்பலானது.

கடைசி நாள் யாயா யலாஞ்சி சுருட்டிக்கொண்டிருந்தார். தாய் பிறந்த அய்வாலிக் கப்பலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அவர் ஒருநாளும் போனதில்லை. லெஸ்வொஸிலிருந்தும் கிரீற்றிலிருந்தும் அனுப்பப்பட்ட முஸ்லிம்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் காட்டுக்கீரைகளை ஒலிவ் எண்ணெயில் சமைக்கிறார்கள் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். கை நின்றது.

"அவர்கள் இதற்குள் புதினா போடுகிறார்களா?" என்று கேட்டார். நான் முஸ்லிம் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். எங்கள் நாடு வெகுதூரம், எங்கள் வீடுகளில் திராட்சை இலையே சமைப்பதில்லை என்றேன்.

"போடுவார்கள்," என்றார் யாயா. "என் அம்மா போட்டார்."