ஒரு திகதி, இரண்டு வெளியேற்றம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காங்கேசன்துறை பஸ் ஏறினால் கொக்குவில், தாவடி, இணுவில் கடந்து மருதனார்மடச் சந்தி வரும். ஒக்டோபர் கடைசி வாரத்தில், மழை விட்ட ஒரு காலையில், அங்கே இறங்கினேன். வீதியோரம் பெரிய ஆஞ்சநேயர் நிற்கிறார். சந்தைக்குள் செம்மண் ஒட்டிய மரவள்ளிக்கிழங்கும் வாழைக்குலையும் குவிந்து கிடந்தன. கொழும்பிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் கிழங்கு விற்ற ஆச்சி விலையோடு கதையும் சொன்னார்.

வலிகாமத்தில் அறுபது தாண்டிய எவரிடமும் 95ஆம் ஆண்டைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் தயாராக இருக்கும். “பின்னேரம் ஸ்பீக்கரில சொல்லிக்கொண்டு போனவங்கள் தம்பி. மாட்டை அவிட்டு விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். ஒரே மழை. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சு போச்சு.” ஆச்சிக்கு அந்த மாட்டின் நிறம்கூட மறக்கவில்லை.

அந்த நாள் 1995 ஒக்டோபர் 30. ‘ரிவிரச’ இராணுவ நடவடிக்கை நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் செம்மணி வெளியால், தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தார்கள். அடுத்த ஆண்டு சித்திரையில்தான் திரும்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஒக்டோபரும் பத்திரிகைகள் அதை எழுதுகின்றன. புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

“அதுக்கு முதல் முஸ்லிம் ஆக்களை அனுப்பினது ஞாபகமிருக்கோ ஆச்சி?”

“ஓம், பாவங்கள். எங்கட ஒழுங்கைக்குச் சீலை கொண்டு வாற நானா ஒருத்தர் இருந்தவர். கடனுக்குத் தருவார். பிறகு ஆளைக் காணேல்லை. அது எந்த வருசம்?”

1990. யாழ்ப்பாண நகரில் நாள், அதே ஒக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கி, மைதானத்தில் கூடும்படி கட்டளை, இரண்டு மணி நேர அவகாசம். நகைகளையும் பணத்தையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதுமாகச் சுமார் 75,000 முஸ்லிம்கள் புலிகளால் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளத்து அகதி முகாம்களே பல ஆண்டுகள் ஊராகின. திகதியைச் சொன்னதும் ஆச்சி கிழங்கை நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அப்ப நாங்கள் மாட்டை அவிட்ட அதே நாளோ?”

சந்தியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இராமநாதன் கல்லூரி. பெண்பிள்ளைகளுக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடக்கியது. யாழ். பல்கலைக்கழகத்தின் நுண்கலை மாணவர்கள் படிக்கும் இடமும் அவர் பெயரைத் தாங்கியதுதான். ஒருவர் துயரம் மற்றவர் நினைவில் எப்படித் தேய்கிறது என்று அறிய அவர் வாழ்க்கையே போதும். 1915 மே இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் சிங்கள மாவட்டங்களில் பரவி, முஸ்லிம்களின் 4,000க்கும் மேற்பட்ட கடைகளைச் சூறையாடியது. பள்ளிவாசல்கள் எரிந்தன. ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டு, விசாரணை என்ற பெயரில் சிங்களவர்களைச் சுட்டார்கள். தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். போர்க்கால அபாயத்தையும் பாராமல் இராமநாதன் லண்டன் போய்ச் சிங்களவருக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்களே அவர் வண்டியை இழுத்துச் சென்ற கதையைத் தமிழர்களாகிய நாங்கள் பெருமையோடு சொல்வோம்.

முஸ்லிம்கள் அதே ஆண்டை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். தங்கள் கடைகள் எரிந்தபோது எரித்தவர் பக்கம் வாதாடப் போனவராகவே பலருக்கு இராமநாதன் தெரிகிறார். சிங்களவருக்கு 1915 என்றால் அந்த ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஹென்றி பேதிரிஸ். ஒரே கலவரத்தில் மூன்று சமூகங்களும் தங்களுக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டன.

மத்தியானம் நகரத்துக்குத் திரும்பி, முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் நடந்தேன். திரும்பி வந்த குடும்பங்களின் புது வீடுகளுக்கு நடுவே கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து ஓட்டோ பிடித்துச் செம்மணிக்குப் போனேன். இடப்பெயர்வின் பின் திரும்பி வந்தவர்களில் 1996இல் காணாமல் போனவர்களோடு சேர்த்துப் பேசப்படும் இடம். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு பேச்சடங்கியது. 2025இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு.

எங்கள் துயரத்தை மறக்கடிக்க அரசு செய்தவை கொஞ்சமல்ல. புலிகளின் மாவீரர்களைப் புதைத்த கோப்பாய் துயிலுமில்லத்தை இடித்து அதன்மேல் முகாம் கட்டியது. 2021 ஜனவரி 8 இரவு பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நாலு மாதத்துக்குள் தூபி மீண்டும் எழுந்தது. இடிக்க இடிக்க அந்த நினைவு வலுத்தது. ஆனால் 1990ஐ மறக்கடிக்க எவரும் புல்டோசர் கொண்டு வரவில்லை. அதற்கு எங்கள் மௌனமே போதுமாக இருந்தது. 2002இல் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் எங்கள் சந்திகளுக்கு வந்து சேரவில்லை.

ஜெர்மனியிலிருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள், பெர்லின் நடுவில் 2005இல் திறக்கப்பட்ட யூதர் நினைவிடத்தில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். தாங்கள் கொன்றவர்களுக்குத் தங்கள் தலைநகரில் ஒரு நாடு கட்டிய நினைவிடம் அது. பட்ட துயரத்தை நினைப்பதற்குப் பயிற்சி தேவையில்லை, காயமே ஞாபகப்படுத்தும். கொடுத்த துயரத்தை நினைப்பதற்குத்தான் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் கோவில் மேடையும் வேண்டும். சிங்களவர் முள்ளிவாய்க்காலை நினைக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை எங்களுக்கு முழுமையாக உண்டு. அதே உரிமையோடு முஸ்லிம்கள் எங்களிடம் 1990ஐக் கேட்கிறார்கள்.

வருகிற ஒக்டோபர் 30இல் வலிகாமத்து ஆசிரியர்கள் இடப்பெயர்வைச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். 1990ஐ முதலில் எழுதுங்கள்.