லென்ஸின் பின்பக்கத்தைப் பார்

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

நீ நிக்கான் எஃப்எம்2 வாங்கிவிட்டாய் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1982-இல் வந்த கேமரா அது. பேட்டரியே இல்லாவிட்டாலும் 1 நொடியிலிருந்து 1/4000 நொடி வரை ஷட்டர் ஓடும். பேட்டரி தேவைப்படுவது உள்ளே இருக்கிற மீட்டருக்கு மட்டும்தான். பாடியைப் பற்றி இனி கவலைப்படாதே. லென்ஸ் விஷயத்தில்தான் நீ அவசரப்படுகிறாய்.

நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-இலிருந்து மாறவே இல்லை, அதனால் எந்த நிக்கான் லென்ஸும் போடலாம் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மவுன்ட் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் மாட்டுவது வேறு, ஒத்து வேலை செய்வது வேறு. சில லென்ஸ் மாட்டும், ஆனால் படம் வராது. சிலவற்றை மாட்டப் பார்த்தாலே கேமரா கெட்டுவிடும்.

காரணத்தைச் சொல்கிறேன். நீ ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும். நீ ரிங்கில் எஃப்8 வைத்திருந்தாலும், ஷட்டரை அழுத்தும் அந்தக் கணத்தில்தான் பிளேடுகள் எஃப்8-க்குச் சுருங்கும். ஆகவே, எத்தனை ஸ்டாப் சுருங்கப்போகிறது என்று மீட்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பழைய நிக்கான்களில் அதைச் சொன்னது அப்பர்ச்சர் ரிங்கின் மேல் திருகி வைத்த ஒரு உலோகக் கவை. 1977-இல் ஏஐ என்ற முறை வந்தது. அதில் ரிங்கின் பின்விளிம்பிலேயே ஒரு படி வெட்டியிருக்கும். கேமராவின் மவுன்டைச் சுற்றி இருக்கிற சின்ன நாக்கை அந்தப் படி தள்ளும். உன் கேமராவைக் கையில் எடுத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த நாக்கை விரலால் மெதுவாக நகர்த்திப் பார். ஸ்பிரிங் வைத்தது, தானாகத் திரும்பி வரும். எல்லாம் அதை நம்பித்தான்.

இப்போது கடையில் பார்த்த அந்தப் பழைய 50 எம்எம் எஃப்1.4. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவை இருக்கிறது, அப்பர்ச்சர் எண்கள் ஒரே வரிசை, ரிங்கின் பின்விளிம்பு சுற்றிலும் வெட்டில்லாமல் முழுசாக இருக்கிறது. ஏஐ-க்கு முந்தியது. அதை உன் கேமராவில் திருகினால் அந்த முழு விளிம்பு நாக்கின் மேல் ஏறி நசுக்கிவிடும். 1977-இல் வந்த எஃப்எம் என்றால் நாக்கை மேலே மடக்கிக்கொள்ளலாம். எஃப்எம்2-இல் அந்த வசதி கிடையாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். யாராவது ரிங்கை மாற்றியோ அராவியோ ஏஐ ஆக்கியிருந்தால் அது வேறு விஷயம்.

உன் நண்பன் சும்மா தருகிறேன் என்று சொல்லும் 50 எம்எம் எஃப்1.8 ஜி அருமையான லென்ஸ், டிஜிட்டலில் போடுவதற்கு. அதில் அப்பர்ச்சர் ரிங்கே கிடையாது. எஃப்எம்2-இல் மாட்டும், வியூஃபைண்டர் பளிச்சென்று தெரியும், ஒரு குறையும் தோன்றாது. ஆனால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது எஃப்16-க்குச் சுருங்கிவிடும். மீட்டரோ லென்ஸ் திறந்தே இருப்பதாக நினைத்துக் கணக்குச் சொல்லும். ஆறு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம், அதாவது அறுபது மடங்குக்கும் மேல் வெளிச்சம் குறைவு. ரோலைக் கழுவிய பிறகுதான் தெரியும். உச்சி வெயிலில் மீட்டரைப் பார்க்காமல் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில் 1/125 வைத்து எடுக்கலாம்தான், வீட்டுக்குள் எடுக்கவே முடியாது. நண்பனுக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு. அதே லென்ஸின் முந்தைய 'டி' வகையில் ரிங் இருக்கிறது. அது கிடைத்தால் தயங்காமல் வாங்கு. ஃபோகஸ் ரிங் மட்டும் கொஞ்சம் லேசாகச் சுற்றும்.

ரஷ்ய எம்42 லென்ஸ்களை அடாப்டர் வைத்துப் போடலாம் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிக்கானில் மவுன்டிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. எம்42-வுக்கு 45.46. அந்த ஒரு மில்லிமீட்டர் அதிகமாவதால் தூரத்தில் இருக்கிற எதுவும் ஃபோகஸ் ஆகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் ஆகும், ஆனால் படத்தின் தெளிவு போய்விடும். அந்தப் பக்கமே போகாதே.

அப்படியானால் எதை வாங்குவது? ஏஐ அல்லது அதற்கு அடுத்து வந்த ஏஐ-எஸ், உன் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். ரிங்கில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும், மவுன்டை ஒட்டிய வரிசை பொடியாக இருக்கும். முதலில் ஒரு 50 எஃப்1.8 போதும். கையில் காசு குறைவென்றால் சீரிஸ் ஈ என்று எழுதியிருப்பதை வாங்கு. மற்ற ஏஐ லென்ஸ்களில் இருக்கிற கவை இதில் இல்லையே என்று பயப்படாதே, அது ஏஐ-எஸ்தான். அதிலேயே ஒரு வருஷம் எடு. பிறகு ஒன்றே ஒன்று சேர்ப்பதானால், நான் 105 எஃப்2.5-ஐத்தான் சொல்வேன். 1984-இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் உனக்குத் தெரியும். எஃப்எம்2-உம் இந்த 105-உம் சேர்ந்து எடுத்த படம் அது. முகத்தை இவ்வளவு மரியாதையாகக் காட்டும் லென்ஸ் அந்த விலையில் வேறு இல்லை. 50-க்கும் 105-க்கும் ஃபில்டர் அளவு 52 எம்எம், ஒரே மஞ்சள் ஃபில்டர் போதும். ஜூம் இப்போது வேண்டாம். எஃப்5.6 ஜூமைப் போட்டால் நடுவில் இருக்கிற பிளவு வட்டத்தில் ஒரு பாதி கறுத்துப்போய் ஃபோகஸ் பிடிப்பது சிரமம்.

நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குப் பெரிய எதிரி ஃபங்கஸ். கடையில் மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கமாக உள்ளே பார். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் கீழே வைத்துவிடு. அடுத்து ரிங்கை 16 அல்லது 22-இல் வைத்து, பின்னால் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளி, பிறகு விட்டுவிடு. பிளேடுகள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் உள்ளே எண்ணெய் இறங்கியிருக்கிறது. தோல் உறையோடு கொடுத்தால் உறையை அலமாரியில் போட்டுவிட்டு, லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது லென்ஸின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பாதே. பின்பக்கத்தையும் ரிங்கின் எண்களையும் எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பணம் கொடு.

அன்புடன்,
அக்கா