ஆளில்லாத கரை

கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கடல் கிடையாது. மேற்கே மலை, மற்ற பக்கமெல்லாம் தென்னந்தோப்பும் மில்லும் ஊரும். கடல் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ராத்திரி ரயிலேறி ராமேஸ்வரம். அதனாலோ என்னவோ, கரை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஏக்கம்.

என் சித்தப்பா மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அட்ரியாட்டிக் கடலோரம் மொண்டெனேக்ரோ என்ற சின்ன நாட்டில் கப்பல் நின்றபோது புல்யாரித்சா என்ற இடத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கடற்கரை. எங்கு பார்த்தாலும் கூழாங்கல். அந்த நீளத்துக்கும் நாலைந்து பேர்தான் தெரிந்தார்கள். படத்தை மகளிடம் காட்டினேன். அவளுக்கு அப்போது பத்து வயதிருக்கும். "நம்ம பக்கத்துல இப்படி ஒண்ணும் இல்லையாப்பா?" என்றாள். இருக்கிறது என்றேன், பெருமையாக.

பவானியைத்தான் நினைத்துச் சொன்னேன். நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடி வழியாகத் திரும்பி மறுபடி நம் பக்கமே வருகிற ஆறு. பில்லூர் அணையைத் தாண்டி மேட்டுப்பாளையத்துக்கு வரும்போது அதன் படுகை பல இடங்களில் வெறும் கல்லாகவே இருக்கும். கருஞ்சாம்பல் நிறத்தில், செம்மண் நிறத்தில், நடுநடுவே பால் வெள்ளையாக. தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்தி அப்படி ஒரு கரையை முன்பே பார்த்து வைத்திருந்தேன். கோயில் படித்துறையில் கால் வைக்க இடமில்லாத நாளிலும் அங்கே ஒரு ஆள் இருக்கமாட்டார். எப்படி எல்லார் கண்ணுக்கும் தப்பியது என்றுகூட நினைத்தேன்.

சித்திரை மாதம், நல்ல வெயில். மனைவி, மகள், சின்னவன், நான். புளிசாதம், தயிர்சாதம், ஒரு பாய். காரை நிறுத்திய இடத்தில் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஒரு பலகை இருந்தது. இந்த ஆற்றோரம் இப்படிப் பலகைகள் நிறைய உண்டு என்பதால் ஒன்றையும் நான் படிப்பதில்லை. கீழே இறங்கும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எதிரே வந்தார்.

"ஏனுங் தம்பி, இங்க எறங்காதீங்க. தண்ணி உட்டுருவாங்க. கோயல் பக்கம் போயிருங்க."

"சும்மா கரையிலதானுங்க இருப்போம்" என்றேன்.

அவர் மறுபடி சொல்லவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். வானத்தைக் காட்டினேன். ஒரு துண்டு மேகம் இல்லை.

எனக்குத் தெரியாத விஷயமில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி மின்நிலையங்கள் வழியாக ஒவ்வொரு படியாக இறங்கிப் பில்லூருக்கு வருகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன் நான். மழைக்காலத்தில், நூறடி உயரமுள்ள பில்லூரில் நீர்மட்டம் 97 அடியைத் தொட்டதும் உபரியைத் திறந்துவிட்டார்கள், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று வருஷா வருஷம் பேப்பரில் வாசிக்கிறவனும்தான். ஆனால் அது வெள்ளச் செய்தி, ஆடி மாதத்துச் செய்தி என்று மனசு ஒதுக்கி வைத்திருந்தது. கோடையிலும் மின்சாரம் எடுக்கத் தண்ணீரை விடுவார்கள், மின்தேவை கூடும் நேரம் பார்த்து விடுவார்கள், அது கீழே வந்து சேரும் பொழுது நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் என்பதை நான் ஒரு கணம்கூடச் சேர்த்து யோசிக்கவில்லை.

கரைக்கும் ஆற்றின் நடுவிலிருந்த கல்திட்டுக்கும் இடையே ஒரு சின்ன ஓடை போல் தண்ணீர் ஓடியது. முழங்காலுக்குக் கீழேதான். மகளைக் கூட்டிக்கொண்டு திட்டுக்குப் போனேன். மனைவியும் சின்னவனும் கரையில் பாய் விரித்தார்கள். மகள் கூழாங்கற்களைப் பொறுக்கித் தண்ணீரோரம் கோபுரம் அடுக்கினாள். நான் படுத்துவிட்டேன். முதுகுக்குக் கீழே சூடான கல், பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம். அந்தப் படத்துக்குள் வந்துவிட்டதாகவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரியவர் திரும்பி வந்தார். ஆடுகள் இல்லை. மேட்டில் வேலமர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மனைவி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். "பாயைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளிப் போட்டுக்க" என்று குரல் கொடுத்தேன், அவருக்கும் கேட்கட்டும் என்றே.

அவர் நகரவில்லை.

"அப்பா, என் கோபுரம் நனையுது."

கண்ணைத் திறக்காமல், "தள்ளிக் கட்டு சாமி" என்றேன்.

"தள்ளித்தான் கட்டினேன். இதுவும் நனையுது."

எழுந்து உட்கார்ந்தேன். அடிக்கல் தண்ணீருக்குள் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், அவள் முதலில் கட்டியதன் உச்சிக்கல் மட்டும் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. தண்ணீர் அதே வெயிலில் மினுங்கிக்கொண்டு, ஆனால் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வந்துகொண்டிருந்தது. கரைப் பக்கம் திரும்பினேன். நாங்கள் கடந்து வந்த ஓடை இருந்த இடத்தில் ஒரு ஆறு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மனைவி எழுந்து நின்று கையை ஆட்டினாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் தொடைக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. நடுவில் நின்றபோது ஒரு சத்தம் கேட்டது. வெளியிலிருந்து வந்ததில்லை, கால் வழியாக ஏறி வந்தது. அடியில் கற்கள் ஒன்றோடொன்று முட்டி உருண்டுகொண்டிருந்தன. என் பாதத்துக்குக் கீழேயும் உருண்டன. அத்தனை நேரம் நான் தடவித் தடவி ரசித்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று அங்கே, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அடுத்த அடியில் வழுக்கினேன். மகள் என் கையிலிருந்து போனாள்.

அவளைப் பிடித்தது அந்தப் பெரியவர். எப்போது இறங்கினார் என்று தெரியாது. எனக்குக் கீழே, ஓட்டம் திரும்பும் இடத்தில், ஆட்டுக் கோலை ஊன்றி நெஞ்சளவு தண்ணீரில் நின்றிருந்தார். அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது ஏதோ ஒரு கல் உருண்டு வந்து அவர் முழங்காலில் அடித்தது. அவர் முகம் கோணியதைப் பார்த்தேன். அப்படியும் அவளை விடவில்லை. நான் எப்படிக் கரையேறினேன் என்பது எனக்கு நினைவில்லை.

முழங்கால் சில்லு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பல மாதங்கள் அவரால் மேட்டில் ஏறி இறங்க முடியவில்லை. ஆடுகளை ஓட்ட ஆளில்லாமல், நோம்பி சமயத்தில் நல்ல விலைக்கு விற்க வைத்திருந்தவற்றை முன்னாலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டப் பணம் கொண்டு போனேன். வாங்கவில்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், "அம்முணி நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். அவள் அதற்குப் பிறகு நீச்சல் வகுப்புக்குப் போக மறுத்துவிட்டதை நான் சொல்லவில்லை.

டீ கொண்டுவந்து கொடுத்த அவர் மனைவிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அன்னைக்கு ஆட்டை மத்தியானமே பட்டீல அடைச்சுட்டாருங்க. வெளியூர்க்காரங்க கொழந்தையோட எறங்கியிருக்கறாங்க, சொன்னாக் கேக்கலை, தண்ணி வார வரைக்கும் நான் அங்கியே இருக்கறேன்னு போனாருங்க. சோறுகூட உங்கலை."

டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்தேன். பாயைத் தள்ளிப் போடச் சொல்லி நான் குரல் கொடுத்தது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டும் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு அடிக்கடி அங்கே போகிறேன். கால் ஓரளவு தேறியதும் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கரையைக் காட்டினார். கல்லின் இடுப்பில் வண்டல் காய்ந்து ஒரு வெளிறிய கோடு இருந்தது. எட்ட நின்ற கல்லிலும் அதே உயரத்தில் அதே கோடு. நேற்றுத் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் நிறம் மாறும், சருகு வரும் என்றார். பிறகு நான் புத்தகத்தில் தேடிப் படித்தது இன்னொன்று. ஓட்டம் தணியும்போது ஆறு முதலில் இறக்கிவைப்பது பெரிய கல்லை, அடுத்துச் சின்னதை, கடைசியில்தான் மணலை. மணலே இல்லாமல் தேங்காய்ப் பருமனுக்குக் கல் மட்டும் கிடக்கிற இடமென்றால், அங்கே ஓடிய வேகம் எதையும் லேசாக விட்டுவைக்கவில்லை என்று பொருள். தெற்கு அட்ரியாட்டிக்கில் கடலின் ஏற்றவற்றம் ஓரடி அளவுதானாம். கப்பல்காரத் தம்பி படமெடுத்த கரையில் சாயங்காலம் வரை படுத்துக் கிடக்கலாம். அந்தப் படத்தை நான் கொண்டுவந்து போட்டது வேறொரு தண்ணீரின் மேல்.

"இந்தக் கரையில எப்பவும் ஆளே இல்லையேன்னு நெனச்சேனுங்க" என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"இருந்தாங்க. துணி தொவைக்க, மாடு கழுவ. அணை கட்டுனதுக்குப் பொறவு ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. எங்க சனமே ரண்டு மூணு பேர் போயிருக்குதுங்க" என்றார். பேரும் சொன்னார், எந்த வருஷம் என்றும் சொன்னார். எனக்கு அழகாகத் தெரிந்த அந்த வெறிச்சோடலுக்குள் இருந்தவர்கள் அவர்கள்.

போன ஆடிப் பதினெட்டுக்கு மகள் தானாகவே, "அப்பாரு வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள். போனோம். எங்கே குளிக்கலாம் என்று அவரிடம் கேட்டேன். கோலை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போய்ப் படித்துறையைக் காட்டினார். அங்கே ஊரே இருந்தது. முளைப்பாரி எடுத்து வந்த பெண்கள், சோப்பு நுரை, மஞ்சள், அழுகிற பிள்ளைகள், விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்ற போலீஸ்காரர். பாய் விரிக்க இடமில்லை. மகள் இரண்டு படி இறங்கினாள், மூன்றாவது படிக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர்களுக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டேன்.