மூன்று லிட்டர் மகாலட்சுமி

எனக்கும் பசுவுக்கும் உள்ள உறவு, காலை ஆறு மணிக்கு வாசலில் தொங்கும் பைக்குள் விழுகிற பாக்கெட்டோடு சரி. பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியும். செவலைக்கும் மயிலைக்கும் தெரியாது. இந்த லட்சணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் நண்பரோடு அவருடைய பெரியப்பா ஊருக்குக் கிளம்பினேன். திருப்பூர் மாவட்டம், காங்கேயம் பக்கம்.

பனியன் கம்பெனிகள் குறைந்து, அரிசி மில், எண்ணெய் மில் எல்லாம் தாண்டியதும் வெட்டவெளி. மழை குறைந்த சீமை. கிணற்றை நம்பினால் கடன்தான் ஊறும். ஆனாலும் சாலையின் இருபுறமும் முள்வேலி, உள்ளே குடை பிடித்தாற்போல மரங்கள், கீழே அலை அலையாகப் புல்.

"பார்க்கா?" என்றேன்.

நண்பர் என்னை மன்னித்து, "கொறங்காடு" என்றார்.

மேய்ச்சலுக்கென்றே விட்ட சொந்த நிலம்தான் கொறங்காடு. வேலிக்குக் கிளுவை முள், நிழலுக்கு வெள்வேல மரம், தின்பதற்குக் கொழுக்கட்டைப் புல். (பெயரைக் கேட்டதும் எனக்கும் பசித்தது.) தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம்.

"வாங்க தம்பி, மோர் குடிச்சுப்போட்டு காட்டுக்குப் போலாமுங்க" என்றார் பெரியப்பா. எட்டு ஏக்கர். நான்கு பசு, கொஞ்சம் செம்மறி. காட்டை வேலி போட்டு நான்காகப் பிரித்திருந்தார். மூன்றில் மாடே இல்லை. புல் மட்டும் முழங்கால் உயரம்.

"இவ்வளவு புல்லை வெச்சுக்கிட்டு மாட்டை ஏன் ஒரு மூலையில விட்டிருக்கீங்க?"

"சம்பளம் வந்த அன்னிக்கே முழுசையும் செலவு பண்ணிருவீங்களா தம்பி?"

பண்ணிவிடுவேன். சொல்லவில்லை.

மழை பெய்து புல் கிளம்பியதும் இவர் மாட்டை விடுவதில்லை. கதிர் விட்டு விதை உதிரட்டும் என்று படலைச் சாத்திவிடுகிறார். பிறகு ஒரு காட்டில் மேய்ச்சல், மற்றதுக்கெல்லாம் லீவு. கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகிறது. அதன் விதையை ஆடுமாடுகளே புழுக்கையோடும் சாணத்தோடும் காட்டில் போட்டு, அடுத்த மரத்துக்கு ஏற்பாடு செய்கின்றன. புல்வேர் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்று அதை வாரிக்கொண்டு போவதில்லை.

சாம்பல் நிறத்தில் ஒரு பசு. அதன் ஒரு மாசக் கன்று மட்டும் செக்கச்செவேல். சந்தேகமாகப் பார்த்தேன்.

"காங்கேயத்துக் கன்னு பொறக்கறப்ப செவலைங்க. ஆறு மாசத்துல மயிலையாயிரும்."

தாய்ப்பசு கொம்பைத் திருப்பியது. மரியாதையாகப் பின்வாங்கி, "பால் எவ்வளவு?" என்றேன்.

"கன்னு குடிச்சது போக நாளைக்கு மூணு லிட்டர்."

பக்கத்துத் தோட்டத்தில் 'சிந்து' மாடு, அதாவது கலப்பினம், பத்து லிட்டருக்கு மேல் கறக்கிறது. என் ஆபீஸ் மூளை உடனே கணக்குப் போட்டு, "நஷ்டம்" என்றது. வாயும் சொல்லிவிட்டது.

"நீங்க வரவை மட்டும் கூட்டறீங்க. அதுக்குத் தவுடு, புண்ணாக்கு, பச்சைத் தீவனம் எல்லாம் வேணும். தண்ணி வசதி இருக்கறவங்களுக்கு அது சரிங்க. இது வெயில்லயே மேஞ்சு, எங்கிட்டக் காசு கேக்காம மூணு லிட்டர் தருது. மகாலட்சுமி!"

திரும்பும்போது அவர் மகன் வந்து சேர்ந்துகொண்டார். திருப்பூரில் டெய்லர். ரோட்டோரம் மூன்று ஏக்கரைக் கேட்டு, பிளாட் போடும் புரோக்கர் மூன்று முறை வந்துவிட்டாராம்.

"அப்பா சொல்றது வாஸ்தவம் சார். ஆனா மூணு லிட்டர்ல பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியுமா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் காளைக்காக விடிய விடிய நின்றவன் நான். தொண்டை கட்டும்வரை கத்தினேன். காளைக்கு ஒரு அம்மா உண்டு, அவள் மேய ஒரு காடு வேண்டும் என்பது அன்றைக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பா படலைச் சாத்திக் கயிறு கட்டினார். "அடுத்த மழைக்கு வாங்க. புல்லு இன்னும் நல்லாருக்கும்."

பஸ் ஏற்றிவிட வந்த மகன், ஜன்னல் ஓரம் நின்று மெதுவாகச் சொன்னார்:

"கன்னு மயிலையாகட்டும், அப்புறம் பாக்கலாம்னு புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன் சார்."

கணக்குப் போட்டேன். இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது.