கண் கூசாத வெளிச்சம்

வேம்பாரிலிருந்து சாயல்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் போகிறவர்களுக்குத் தெரியும். எதிர் வண்டியின் வெள்ளை எல்இடி பல்பு கண்ணில் அடித்தால் சில நொடிகளுக்குச் சாலையே இருக்காது. ஓரத்தில் சைக்கிளில் போகிறவரும் தெரியமாட்டார்.

எங்கள் பழைய காரிலும் அப்படியொரு பல்பைத்தான் போட்டிருந்தோம். போன மாதம் அதைக் கழற்றிவிட்டு, தம்பியும் நானும் வீட்டிலேயே ப்ரொஜெக்டர் லென்ஸ் பொருத்தினோம். ஹெட்லைட்டைச் சூடுபடுத்தி, கருப்புப் பசையை இளக்கி, முன்கண்ணாடியைப் பிரிக்கவே ஒரு பகல் போயிற்று.

உள்ளே இருக்கும் சிறு தகடுதான் உயிர். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், கீழே நிற்கும் அந்தத் தகடு மேலே போகும் ஒளியை வெட்டுகிறது. நம் ஊருக்கு அந்த வெட்டுக்கோடு இடப்பக்கம்தான் உயர வேண்டும். முதலில் வாங்கியது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. எதிரே வருபவர் கண்ணுக்கே ஏறியது. மாற்றினோம்.

25 அடி தள்ளிச் சுவரில் கோடு போட்டு, விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே வெளிச்சத்தை நிறுத்தினோம். பசை ஓரத்தை இரண்டு முறை தடவிப் பார்த்தேன். ஊசித் துளை கிடைத்தாலும் நம் உப்புக்காற்று உள்ளே போய் ரிஃப்ளெக்டரை அரித்துவிடும்.

நேற்று இரவு தம்பியை ஓட்டச் சொல்லி, எதிரே போய் நின்றேன். வெளிச்சம் என் இடுப்புக்குக் கீழேயே நின்றது. அவன் முகம்கூடத் தெரிந்தது.