மீதி 31 பக்கம்!

'சின்ன கார்... பெரிய இன்ஜின்!'

மூன்றாம் வருட மினி புராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பை நான் அறிவித்தபோது, ஹாஸ்டல் ரூமில் பலத்த கைதட்டல். ரூமில் இருந்ததே மூன்று பேர்தான். அதில் ஒருத்தன் கொசு அடித்திருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது!

மெக்கானிக்கல் படிக்கிற பசங்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எந்த வண்டியைப் பார்த்தாலும், 'இதுல இன்னும் பெரிய இன்ஜினைத் தூக்கி வெச்சா எப்படி இருக்கும்?' என்று தோணும். எனக்கு அப்படித் தோன்றிய கார், இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ். 1996-ல் வந்தபோது அதன் எடை சுமார் 725 கிலோ. நம்ம மாருதி 800-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம்! இன்ஜின் 1.8 லிட்டர், 118 குதிரைசக்தி. முன்னால் பானெட்டுக்குள் இல்லை... சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். இதுதான் 'மிட் இன்ஜின்'. பாரம் காரின் நடுப்பக்கம் இருப்பதால், வளைவில் சட்டென்று திரும்பும்.

இதில் 3.5 லிட்டர் வி6-ஐ வைப்பதுதான் எங்கள் பிளான், பேப்பரில் மட்டும். எனக்கு தைரியம் தந்ததே லோட்டஸ்தான். எலீஸின் அண்ணன் மாதிரியான எக்ஸீஜ் காரில் 2012-ல் அவர்களே வி6-ஐ வைத்தார்கள். டொயோட்டா கேம்ரி மாதிரி குடும்ப கார்களுக்காகச் செய்த இன்ஜின் அது. கூடவே சூப்பர்சார்ஜர். மொத்தம் 345 குதிரைசக்தி!

"அவங்களே செஞ்சுட்டாங்க மச்சி... நாம கணக்கு போட்டுக் காட்டினா போதும்!" என்றேன். ரூம்மேட் தலையாட்டினான். உடனே வேலையைப் பிரித்தேன். "இன்ஜின் என்னோடது. மீதி எல்லாம் நீ பாத்துக்கோ."

அந்த 'மீதி எல்லாம்' என்ன என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. இன்ஜினைப் பற்றி மூன்றே நாளில் ஒரு பக்கம் எழுதினேன். கலர் கலராகப் படம் வரைந்தேன். அட்டையில் என் பெயரை முதலில் போட்டேன். அதற்கப்புறம் கேன்டீனில் சீன் போடுவதுதான் என் வேலை. அவன் மட்டும் ராத்திரி டேபிள் லைட் போட்டு ஏதோ எழுதிக்கொண்டே இருந்தான். "லைட்டை ஆஃப் பண்ணுடா, தூக்கம் வருது"ன்னு கத்தினதுகூட உண்டு.

முதல் ரிவ்யூவுக்கு முந்தின நாள் அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. ராத்திரியே பஸ் ஏறிவிட்டான். நோட்டை என் கட்டிலில் வைத்து, "ஒரு தடவை படிச்சுட்டுப் போடா" என்றான். நான் படிக்கவில்லை.

மறுநாள் கைடு சாரிடம் பில்டப்போடு ஆரம்பித்தேன். சார் அமைதியாகக் கேட்டார்.

"எலீஸோட வீல்பேஸ் 2300 எம்.எம். வி6 எக்ஸீஜ்ல 2370 எம்.எம். எதுக்கு 70 எம்.எம். நீட்டினாங்க?"

"இன்ஜின் பெருசு சார்..."

"பெருசுன்னா எந்தப் பக்கம் பெருசு?"

பதில் இல்லை.

"சரி, ரேடியேட்டர் எங்கே இருக்கு? பிரேக்குக்கு என்ன பண்ணீங்க?"

முழித்தேன். சார் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "32 பக்கம் இருக்கு. இன்ஜின் ஒரு பக்கம். மீதி 31 பக்கம் யாருப்பா எழுதினது?"

செமத்தியான பல்பு! ஆனா, சிரிக்க முடியலை. "என் ஃப்ரெண்ட் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்று ராத்திரி அதே டேபிள் லைட்டைப் போட்டு அவன் நோட்டைத் திறந்தேன். எலீஸில் நான்கு சிலிண்டரும் காரின் குறுக்கே ஒரே வரிசை. வி6-ல் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. அதனால் இன்ஜின் முன்பின்னாகத் தடிமனாகிவிடும். கியர்பாக்ஸ் பின்சக்கரத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும், முன்னால் நகர்த்தினால் சீட் இடிக்கும். அப்புறம்? சக்கரத்தையே பின்னால் தள்ளு. அதுதான் அந்த 70 எம்.எம்.!

இன்ஜின் பின்னால்... ரேடியேட்டரோ காரின் மூக்கில். கொதிக்கிற தண்ணீர் காரின் முழு நீளமும் போய்வர வேண்டும். பெரிய இன்ஜினுக்குச் சூடும் அதிகம். சீட்டுக்குப் பின்னாலேயே கொதிக்கிற எக்ஸாஸ்ட் வேறு.

பிரேக் கணக்குதான் என்னை உலுக்கியது. வி6 எக்ஸீஜ் 1176 கிலோ. முதல் எலீஸைவிட 451 கிலோ அதிகம். அதே வேகத்தில் போனாலே பிரேக் தாங்க வேண்டிய சக்தி 1.6 மடங்கு. 100-க்குப் பதில் 140 கி.மீ-ல் போனால் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. பின்பக்கப் பாரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஓரமாக ஒரு சைக்கிள் வரைந்திருந்தான். கேரியரில் அரிசி மூட்டை. 'வளைவுல திடீர்னு வேகத்தைக் குறைச்சா பின்னாடி இழுத்துட்டுப் போகும்' என்று எழுதியிருந்தான். எனக்குப் புரியட்டும் என்றுதான் வரைந்திருப்பான்.

இன்ஜினை உள்ளே வைக்கிறவன் ஹீரோ இல்லை. அதைத் தாங்குகிற கிளட்ச், ஆக்ஸில், சஸ்பென்ஷன், பைப், பிரேக்... எல்லாவற்றையும் யோசிக்கிறவன் இருந்தால்தான் அது கார். இல்லாவிட்டால் நாலு சக்கரத்தில் ஓடுகிற ஆபத்து.

நாலு நாள் கழித்து ரூம்மேட் வந்தான். அப்பா தேறிவிட்டார். "ரிவ்யூ எப்படி போச்சு?" என்றான். நடந்ததைச் சொன்னேன். "ஸாரி மச்சி"ன்னேன். அவன் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினான். "பிரேக் கணக்கு புரிஞ்சுதா?" அவ்வளவுதான் கேட்டான்.

"மறுபடி போட்டுப் பார்த்தேன். ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டேன்."

"எங்கே, காட்டு."

ஃபைனல் ரிவ்யூவில் இன்ஜினைப் பற்றி அவன் பேசினான். பிரேக்கைப் பற்றி நான். அட்டையில் இப்போது அவன் பெயர்தான் முதலில். சார் அதைக் கவனித்தாரா தெரியாது. ரிப்போர்ட்டைப் புரட்டியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல நீ எழுதினது எத்தனை பக்கம்?"

"அஞ்சு பக்கம் சார். மீதி அவன்."

"போன தடவை ஒண்ணு... பரவாயில்லையே!" என்று சிரித்தார். ரூம்மேட்டும் சிரித்தான்.

இப்பல்லாம் ரூமில் டேபிள் லைட் எத்தனை மணிவரைக்கும் எரிந்தாலும் நான் கத்துவதில்லை!